வீட்டில் ஒரே ஒரு ஃபோன், 9ஆம் வகுப்புக் கணக்கு: இணையத்தில் இலவசமாக எதை, எப்படிப் பயன்படுத்தலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எடுத்து எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம். மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் 9ஆம் வகுப்பு. கணக்கில் 35க்கும் 40க்கும் நடுவிலேயே நிற்கிறாள். டியூஷனுக்குத் தருமபுரி வரை அனுப்ப வசதியில்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஃபோன், அதுவும் அவளுடைய அப்பா வேலை முடிந்து வந்த பிறகு இரவு 8 மணிக்குத்தான் கைக்கு வரும். காசு கட்டாமல் இணையத்தில் கணக்குக் கற்றுக்கொள்ளவும் பயிற்சி செய்யவும் என்ன இருக்கிறது? பாலிடெக்னிக் முதலாண்டு படிக்கும் மகனுக்கும் ஏதாவது சொல்ல முடியுமா?

முடியும். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், அதாவது 2004க்கு முன்பு, கணக்கு ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தவன் நான். பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை என்று இரண்டு பக்கமும் பாடம் எடுத்திருக்கிறேன். உங்கள் மகளைப் போல நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் எந்தச் செயலி என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

9ஆம் வகுப்பில் 40 மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்குச் சிக்கல் பெரும்பாலும் 9ஆம் வகுப்புப் பாடத்தில் இருக்காது. அது 5, 6, 7ஆம் வகுப்பிலேயே விழுந்த ஓட்டை. பின்னம், குறை எண், தசமம், விழுக்காடு, சமன்பாட்டில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோவது, இந்த ஐந்தில் ஏதோ ஒன்றோ இரண்டோ சரியாகப் பிடிபடாமல் மேலே ஏறி வந்திருப்பாள். அது தெரியாமல் நேராக 9ஆம் வகுப்பு வீடியோவைப் போட்டுக் கொடுத்தால், பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். நோட்டை எடுத்துப் போட உட்கார்ந்தால் மூன்றாவது வரியில் நின்றுவிடும். பிள்ளை தன்னை மக்கு என்று நினைத்துக்கொள்ளும். அது ரொம்பத் தவறு.

ஆகவே முதல் நாள் ஃபோனைத் தொடவே வேண்டாம். ஒரு தாளில் இந்த ஏழு கேள்விகளை எழுதிக் கொடுங்கள். முக்காலையும் மூன்றில் இரண்டையும் கூட்டினால் எவ்வளவு? −7இலிருந்து −3ஐக் கழித்தால்? 0.6, 0.45 இரண்டில் எது பெரியது? 240இல் 15 விழுக்காடு எவ்வளவு? ஒரு எண்ணிலிருந்து 2ஐக் கழித்து 3ஆல் பெருக்கினால் 15 வருகிறது, அந்த எண் என்ன? 2இன் அடுக்கு 3ஐயும் 2இன் அடுக்கு 4ஐயும் பெருக்கினால் 2இன் அடுக்கு எத்தனை? ஒரு செவ்வகத்தின் சுற்றளவு 30, நீளம் 9, பரப்பளவு என்ன? விடைகள் வரிசையாக 17/12, −4, 0.6, 36, 7, 7, 54. நீங்கள் 8ஆம் வகுப்புவரை படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இதைத் திருத்த அது போதும்.

எந்தக் கேள்வி தவறியது என்பதைவிட எப்படித் தவறியது என்று பாருங்கள். முதல் கேள்விக்கு 5/7 என்று எழுதியிருந்தால், மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்கிறாள் என்று பொருள். பின்னம் என்றால் என்ன என்பதே இன்னும் மனதில் உருவாகவில்லை. மூன்றாவதில் 0.45தான் பெரியது என்றால், 45 என்பது 6ஐவிடப் பெரியதாயிற்றே என்று பார்த்திருக்கிறாள், இடமதிப்பு பிடிபடவில்லை. இந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்தக் கருவியில் எங்கே தொடங்குவது என்பதற்கு இதுதான் வழிகாட்டி.

சரி, இப்போது ஃபோனுக்கு வருவோம்.

ஓட்டை பின்னத்திலோ குறை எண்ணிலோ இருந்தால் முதலில் நான் சொல்வது ஃபெட். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்துகிற இலவசத் தளம் இது. இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. அறிவியலுக்கென்று ஆரம்பித்து அப்புறம் கணக்குக்கும் வந்தார்கள். இதில் பாடம் கிடையாது, பேச்சு கிடையாது, கையால் நகர்த்திப் பார்க்கும் படங்கள் மட்டும்தான். பல படங்களைத் தமிழிலேயே பார்க்கலாம். தமிழில் இல்லாதவற்றிலும் எழுத்து மிகக் குறைவு என்பதால் மொழி தடையாக இருக்காது.

பென்னாகரம் பக்கப் பள்ளியில் ஒரு மாணவி. −5 + 3 என்பதற்கு எப்போதும் −8 என்றே எழுதுவாள். விதியைப் பத்து முறை சொல்லிக் கொடுத்தேன். அப்போதைக்குச் சரியாகச் சொல்வாள், மறுவாரம் மறுபடி −8. ஒருநாள் ஃபெட்டில் எண்கோட்டுப் படத்தைத் திறந்து கொடுத்தேன். அதில் கடலும் கரையும் இருக்கும். பறவையை மேலே வைத்தால் பூஜ்யத்துக்கு மேலான எண் வரும், மீனைத் தண்ணீருக்குள் இறக்கினால் கழித்தல் குறியோடு எண் வரும். பக்கத்தில் எண்கோட்டிலும் புள்ளி கூடவே நகரும். மீனை −5இல் வைக்கச் சொன்னேன். வைத்தாள். 3 அடி மேலே ஏற்று என்றேன். ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் படத்தையே பார்த்தாள். "சார், இன்னும் தண்ணிக்குள்ளதான் இருக்கு, ஆனா முன்ன விட மேல வந்திருச்சு" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தத் தவறு வரவில்லை. அதே தொகுப்பில் வரவும் கடனும் வைத்து விளக்கும் படம் ஒன்றும் இருக்கிறது. 500 ரூபாய் கைமாற்று வாங்கியிருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு −500 என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதே இல்லை.

பின்னத்துக்கும் அங்கே தனிப் படங்கள் உண்டு. வட்டம், செவ்வகம், குவளை என்று எதை வேண்டுமானாலும் சம பாகமாகப் பிரித்து நிரப்பிப் பார்க்கலாம். முக்கால் குவளையும் மூன்றில் இரண்டு குவளையும் சேர்ந்தால் ஒரு குவளைக்கு மேலே போகும் என்று கண்ணால் பார்த்த பிள்ளை 5/7 என்று எழுதாது. எழுதினாலும், இது ஒன்றைவிடக் குறைவாயிற்றே என்று தானே அடித்துவிட்டுத் திருத்தும். நான்கைந்து நாள், நாளுக்கு 20 நிமிடம் இதற்குக் கொடுங்கள், போதும்.

அடுத்தது பயிற்சி. பார்த்துப் புரிந்தால் மட்டும் கணக்கு வந்துவிடாது, போட்டுப் போட்டுக் கை பழக வேண்டும். இதற்குக் கான் அகாடமி. சால் கான் 2004இல் தன் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்ததில் பிறந்தது, 2008இலிருந்து லாப நோக்கமற்ற நிறுவனமாக நடக்கிறது. மாணவர்களுக்கு இலவசம். நடுவில் விளம்பரம் வந்து கவனத்தைக் கெடுக்காது.

எனக்கு இதில் பிடித்தது வீடியோ அல்ல, பயிற்சிதான். ஒரு கேள்வி வரும். விடையை நாமே தட்ட வேண்டும், அல்லது தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் மறுபடி முயலச் சொல்லும். வழி தெரியவில்லை என்றால் குறிப்பு கேட்கலாம், ஒவ்வொரு வரியாகத் திறக்கும். ஆனால் குறிப்பைத் திறந்துவிட்டால் அந்தக் கேள்வி சரியான கணக்கில் சேராது. பிள்ளைகளுக்கு இது ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் இப்படித்தான் இருக்க வேண்டும். விடையைக் கையில் கொடுக்கிற செயலியைவிட, பிள்ளை யோசிக்கும்வரை காத்திருக்கிற செயலிதான் கணக்குக்கு நல்லது.

இதில் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் செய்யும் தவறு, 9ஆம் வகுப்பு என்று தேர்ந்தெடுப்பது. அந்தத் தாளில் எது தவறியதோ அந்த வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். பின்னம் தவறினால் 6ஆம் வகுப்புக்குப் போகட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை, வேறு யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. 6ஆம் வகுப்புக் கணக்கை 14 வயதில் போடுவது சுலபம். இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிடலாம்.

இன்னொரு சிக்கல், அங்கே இருப்பது மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடத்திட்டம். நம் மாநிலப் பாடநூலோடு வரிசை ஒத்துவராது. நம்முடைய 9ஆம் வகுப்பு முதல் பாடம் கணமொழி. கான் அகாடமியில் இந்திய 9ஆம் வகுப்புக்குள் தேடினால் அது கிடைக்காது, 11ஆம் வகுப்பில்தான் இருக்கும். அடுத்த வருடம் 10ஆம் வகுப்பில் வரும் உறவுகளும் சார்புகளும் பாடமும் அப்படித்தான், அங்கே 11ஆம் வகுப்பு. நம் 10ஆம் வகுப்பு இயற்கணிதத்தில் வரும் அணிகள் அங்கே 12ஆம் வகுப்பு. இது தெரியாமல், நம்ம பாடம் இதில் இல்லை என்று பாதியில் விட்டுவிட்டவர்கள் நிறைய. வகுப்பைப் பார்க்காமல் பாடத்தின் பெயரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள்.

மொழிதான் இதில் பெரிய தடை. பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை முதல் கேள்வியிலேயே மிரண்டு போகலாம். இதற்கு நான் செய்வது இதுதான். மகளின் கணக்குப் புத்தகத்தின் கடைசியில் கலைச்சொற்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். கோஎஃபிஷியன்ட் என்றால் கெழு, ஸ்லோப் என்றால் சாய்வு, வேரியபிள் என்றால் மாறி, ஃபேக்டர் என்றால் காரணி, இப்படி. ஒரு பாடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சொல்தான் வரும். அதைத் தனித் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கட்டும். கணக்குக்கான ஆங்கிலம் மிகக் குறுகியது, திரும்பத் திரும்ப அதே சொற்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும். பின்னால் 11ஆம் வகுப்புக்கோ பாலிடெக்னிக்குக்கோ போகும்போது இதே சொற்கள் கைகொடுக்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் படித்து வளர்ந்த பிள்ளைகள் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கு ஒரு செய்தி, கான் அகாடமியில் கன்னடத்திலும் பாடங்கள் உண்டு.

தமிழிலேயே விளக்கம் வேண்டும் என்றால் நம் பள்ளிக்கல்வித் துறை கொடுப்பவற்றைப் பயன்படுத்துங்கள். 2023இல் வந்த மணற்கேணி செயலியில் 6 முதல் 12 வரை பாடங்கள் சிறு சிறு வீடியோவாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கும். பாடநூலில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் கோடு என்ற விரைவுக் குறியீட்டைத் திக்‌ஷா செயலியால் படம் பிடித்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். மூன்றையும் இறக்கி வைக்காதீர்கள், ஃபோன் நிறைந்துவிடும். மணற்கேணி ஒன்று போதும். வீடியோவின் தரத்தைக் குறைத்து வைத்துக்கொண்டால் நெட் மிச்சமாகும், எழுத்து தெரிந்தால் போதுமே. 6, 7, 8ஆம் வகுப்புப் பழைய புத்தகங்களுக்கும் அலைய வேண்டாம். தமிழ்நாடு பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். தேவையான பாடத்தை மட்டும் காரிமங்கலத்தில் ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது நான் மிகவும் மதிக்கும் ஒரு கருவிக்கு வருகிறேன். ஜியோஜீப்ரா. மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது உருவாக்கியது. வடிவியலுக்கும் இயற்கணிதத்துக்கும் ஒரே இடம் என்பதால் இரண்டு பெயரையும் சேர்த்து வைத்தார்கள். உங்கள் மகளின் புத்தகத்தில் பாடத்தின் முடிவில் இணையச் செயல்பாடு என்று ஒரு பக்கம் இருக்கும், பாருங்கள். அதில் வருவது பெரும்பாலும் ஜியோஜீப்ராதான். பல வகுப்பறைகளில் அந்தப் பக்கம் தேர்வுக்கு வராது என்று தாண்டிவிடுவார்கள். எனக்கு அது எப்போதும் வருத்தம்தான், புத்தகத்திலேயே சுவையான பக்கம் அது.

ஃபோனில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் வேலை செய்யும். 9ஆம் வகுப்பு வடிவியலில் செங்கோட்டு மையம் வரையும் பயிற்சி வரும். முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலிருந்தும் எதிர்ப் பக்கத்துக்குக் குத்துக்கோடு வரைந்தால் மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கும். தாளில் ஒரே ஒரு முக்கோணம்தான் வரைய முடியும், அதில் புள்ளி உள்ளே இருக்கும். பிள்ளை மனதில் செங்கோட்டு மையம் என்றால் உள்ளே இருப்பது என்று பதிந்துவிடும். ஜியோஜீப்ராவில் மூன்று குத்துக்கோட்டையும் வரைந்துவிட்டு, ஒரு முனையை விரலால் பிடித்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். கோணம் பெரிதாகப் பெரிதாகப் புள்ளி விளிம்பை நோக்கி நகரும். சரியாக 90 பாகை வரும்போது அந்த முனை மேலேயே போய் உட்காரும். 90ஐத் தாண்டியதும் முக்கோணத்தைவிட்டு வெளியே போய்விடும். எத்தனை பிள்ளைகள் இந்த இடத்தில் "ஐயோ, வெளிய போயிருச்சு!" என்று கத்தியிருக்கிறார்கள் தெரியுமா? அப்புறம் அதே படத்தில் நடுக்கோடுகளை, அதாவது ஒவ்வொரு முனையையும் எதிர்ப் பக்கத்தின் நடுப்புள்ளியோடு சேர்க்கும் கோடுகளை, வரைந்து இழுக்கச் சொல்வேன். என்ன செய்தாலும் நடுக்கோட்டு மையம் வெளியே போகாது. ஏன் இது போகாது, அது மட்டும் போகிறது? அந்தக் கேள்வி பிள்ளை வாயிலிருந்து வந்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்த மாதிரி.

அரைவட்டத்தில் வரும் கோணம் 90 பாகை, மையத்தில் அமையும் கோணம் வட்டத்தில் அமையும் கோணத்தைப் போல் இரு மடங்கு, இவையும் அப்படியே. புள்ளியை வட்டத்தின் மேல் ஓட்டிப் பார்த்தால் எண் மாறாமல் நிற்பது தெரியும். மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. உங்கள் பள்ளியில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருந்தால், பெரிய திரையில் ஒரு வகுப்பு இதைக் காட்டச் சொல்லி கணக்கு ஆசிரியரிடம் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. ஆசிரியருக்கும் அது சந்தோஷமாகத்தான் இருக்கும்.

வரைபடத்துக்கு டெஸ்மாஸ் இன்னும் எளிது. 2011இல் வந்த இலவச வரைபடக் கருவி, சமன்பாட்டைத் தட்டினால் அப்போதே கோடு வரும். இரண்டு மாறிகளில் அமைந்த நேரிய சமன்பாடுகள் 9ஆம் வகுப்பில் வருகிறது. நம் ஊரில் அதற்கு நான் எப்போதும் எடுக்கும் எடுத்துக்காட்டு போர்வெல். ஒரு வண்டிக்காரர் வண்டி வந்து நிற்க 5000 ரூபாய், அப்புறம் அடிக்கு 100 ரூபாய் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் வண்டிக்குத் தனியாக வேண்டாம், அடிக்கு 120 கொடுங்கள் என்கிறார். யாரைக் கூப்பிடுவது? அடியை எக்ஸ் என்றும் செலவை ஒய் என்றும் வைத்து இரண்டு சமன்பாட்டையும் தட்டினால் இரண்டு கோடுகள் வரும். எண்கள் பெரியவை என்பதால் அமைப்புகளில் போய் அச்சின் அளவை 500 வரையிலும் 60,000 வரையிலும் நீட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. நீட்டியதும் தெரியும், இரண்டு கோடும் 250 அடியில் 30,000 ரூபாயில் வெட்டிக்கொள்கின்றன. 250 அடிக்குள் தண்ணீர் வந்தால் இரண்டாமவர் லாபம், அதைவிட ஆழமாகப் போனால் முதலாமவர் லாபம். நம் பக்கம் எத்தனை அடியில் தண்ணீர் வருகிறது என்று பிள்ளைகளுக்கே தெரியும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று உடனே சொல்லிவிடுவார்கள். சாய்வு என்றால் அடிக்கு எவ்வளவு என்பது, வெட்டுத்துண்டு என்றால் வண்டி வந்து நிற்பதற்கான காசு. இதன் பிறகு அந்தச் சொற்கள் மறக்காது.

அடுத்த வருடப் பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண், செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண். 100இல் 16. சுமாராகப் படிக்கும் பிள்ளைகளைத் தூக்கிவிடுவது இந்த 16தான். இருபடி வரைபடத்தில் ஒரு வளைவரையை வரைந்து, அதைக் கொண்டு வேறொரு சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்வார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, வரும் நேர்க்கோட்டை வரைந்து, வெட்டும் இடத்தைப் படித்து எழுதுவார்கள். முக்கால்வாசிப் பேர் எதற்குக் கழிக்கிறோம் என்று தெரியாமலே செய்கிறார்கள். டெஸ்மாஸில் இரண்டையும் தட்டி, வெட்டும் புள்ளியைத் தொட்டுப் பார்த்து, அந்த எண்ணை இரண்டாவது சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் பூஜ்யம் வரும். அப்போது காரணம் தெளியும். ஆனால் ஒன்று, தேர்வில் வரைபடத் தாளில் பென்சிலால்தான் வரைய வேண்டும். அளவுத்திட்டம் எடுப்பது, அட்டவணை போடுவது, புள்ளிகளை உடையாமல் வளைவாக இணைப்பது, இவை கையால் பழகித்தான் வரும். முதலில் தாளில் வரைந்துவிட்டு, பிறகு டெஸ்மாஸில் சரிபார்க்கட்டும். வரிசை மாறக் கூடாது.

இதே வரிசைதான் ஃபோட்டோமேத் போன்றவற்றுக்கும். கணக்கைப் படம் பிடித்தால் விடையும் படிகளும் வந்துவிடும். கெட்ட கருவி என்று சொல்ல மாட்டேன். முழுக் கணக்கையும் நோட்டில் போட்டு முடித்த பிறகு, எந்த வரியில் தவறினோம் என்று ஒப்பிட்டுப் பார்க்க அருமையானது. போடுவதற்கு முன்னால் திறந்தால் அது பார்த்து எழுதுவதுதான், அதில் படிப்பு இல்லை. சாட்ஜிபிடி மாதிரியான செயலிகளிடமும் பிள்ளைகள் கேட்கிறார்கள். தமிழில் கேட்டாலும் பதில் சொல்கிறது, உண்மைதான். ஆனால் சில நேரம் தவறான விடையையும் அதே தைரியத்தோடு சொல்லும். 9ஆம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. "விடையைச் சொல்லாதே, அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு குறிப்பு மட்டும் கொடு" என்று கேட்கப் பழக்கினால் பயன் உண்டு. முதல் மூன்று மாதம் இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து.

காசு கட்டும் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மாந்தோப்பில் கூலி வேலை. வீட்டுக்கு வந்து பேசியவரின் பேச்சை நம்பி மாதத் தவணையில் ஒரு கற்றல் செயலி வாங்கினார்கள். பையன் இரண்டு வாரம் பார்த்தான், அப்புறம் தொடவில்லை. தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி அந்த அம்மா எத்தனை முறை ஃபோன் செய்தார் என்று எனக்குத் தெரியும். மேலே நான் சொன்னவற்றில் உங்கள் மகளுக்கு வேண்டிய எதற்கும் காசு கட்ட வேண்டியதில்லை. ஏதாவது ஒரு இடத்தில் கார்டு எண் கேட்டால், ஓடிபி கேட்டால், அது நான் சொன்ன செயலி இல்லை என்று மூடிவிடுங்கள். அதே பெயரில் போலிகளும் உலவுகின்றன.

ஒரு நாள் எப்படிப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். சாயந்திரம் ஃபோன் இல்லாத நேரத்தில் பள்ளியில் அன்று நடந்ததிலிருந்து மூன்று கணக்கு, நோட்டில். 8 மணிக்கு ஃபோன் கைக்கு வந்ததும் 25 நிமிடம் கான் அகாடமிப் பயிற்சி, பக்கத்தில் நோட்டும் பேனாவும் கட்டாயம். திரையைப் பார்த்து மனக்கணக்காகத் தட்டவே கூடாது, ஒவ்வொரு கேள்வியையும் எழுதித்தான் போட வேண்டும். எங்கே நிற்கிறதோ அதற்கு மட்டும் ஃபெட்டோ மணற்கேணியோ பத்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம், கண்ணும் களைத்துவிடும். சனி ஞாயிறில் ஒருநாள் ஜியோஜீப்ராவை அவள் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் வேலை ஒன்றே ஒன்று. தூங்கும் முன் அன்று தவறிய ஒரு கணக்கை எடுத்து, எங்கே தவறினாய், எப்படிச் சரி செய்தாய் என்று உங்களுக்கு வாயால் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தடுமாறாமல் சொன்னால் புரிந்திருக்கிறது. இழுத்தால், நாளைக்கு அதையே மறுபடி போட வேண்டும். தவறிய கணக்குகளுக்கென்று 20 ரூபாய் நோட்டு ஒன்று தனியாக வாங்கிக் கொடுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் புரட்ட வேண்டியது அந்த நோட்டைத்தான்.

மகனுக்கு வருகிறேன். பாலிடெக்னிக் முதலாண்டில் அணிகள், முக்கோணவியல், வகையிடல் எல்லாம் வரும். பால் டாக்கின்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதி வைத்திருக்கும் பாடக்குறிப்புகள் இணையத்தில் இலவசம், இயற்கணிதத்திலிருந்து நுண்கணிதம்வரை தீர்த்த கணக்குகளோடு இருக்கின்றன. எழுத்து மட்டும்தான் என்பதால் நெட் அதிகம் தின்னாது. வகையிடல் என்றால் உண்மையில் என்ன என்று பார்க்க யூடியூபில் த்ரீபுளூஒன்பிரவுன் என்ற அலைவரிசை. கிராண்ட் சாண்டர்சன் என்பவர் நடத்துவது, படம் போட்டு அவ்வளவு அழகாகக் காட்டுவார். விடை சரிபார்க்க வுல்ஃப்ரம் ஆல்ஃபா. இதில் விடை இலவசம், முழுப் படிகளுக்குத்தான் காசு. அவனுக்கு விடை போதும். பின்னால் பொறியியல் போக நினைத்தால் என்பிடெல், ஸ்வயம் தளங்களில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் உண்டு. பார்க்க இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக்கு மட்டும் கட்டணம். முக்கியமாக, வாரத்தில் ஒருநாள் அவனையே தங்கைக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார வையுங்கள். அவனுடைய ஓட்டையும் அப்போது தெரிந்துவிடும்.

உங்களுக்கு நேரடியாகத் தேவையில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. வத்தல்மலை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் மாதிரி மலைப்பக்க ஊர்களில் டவர் விட்டு விட்டுத்தான் வரும். அங்கே இணையம் என்று சொல்வதே பாதிப் பேச்சு. இப்படி நெட் இல்லாத பள்ளிகளுக்காகவே கொலிப்ரி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. நெட் உள்ள இடத்தில் ஒரு பழைய கணினியில் கான் அகாடமிப் பாடங்களையும் பயிற்சிகளையும் ஒருமுறை இறக்கிக்கொண்டால், அதை மலைக்கு எடுத்துப் போய் வைஃபை வழியாகப் பக்கத்தில் இருக்கும் ஃபோன்களுக்குக் கொடுக்கலாம். வெளி இணையமே வேண்டாம். ஃபெட் படங்களையும் அப்படி இறக்கி வைக்க முடியும். இதைப் படிக்கும் ஆசிரியர்களோ ஊர் நூலகம் நடத்தும் இளைஞர்களோ இருந்தால் முயன்று பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் நிறுவுவதற்கு.

நீங்கள் இன்றிரவு செய்ய வேண்டியது அந்த ஏழு கேள்வித் தாள் மட்டும்தான். எது தவறியது என்பதோடு, அவள் எழுதிய விடையையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.